40 புத்தகம், 4 லட்சம் பிரதி: பாரதியார் போட்ட கணக்கு ஏன் தோற்றது? செல்லம்மா என்ன செய்தார்?

1920-ம் ஆண்டு. தென்காசி பக்கத்தில் இருக்கும் கடையம் கிராமத்தில் இருந்து பாரதியார் ஒரு கணக்குப் போட்டார்.

அதுவரை எழுதியதை எல்லாம் 40 புத்தகங்களாகப் பிரிப்பது. ஒவ்வொரு புத்தகத்திலும் 10,000 பிரதி அடிப்பது. ஆக மொத்தம் 4 லட்சம் பிரதி. அச்சுச் செலவுக்கு 20,000 ரூபாய், விளம்பரத்துக்கு 10,000 ரூபாய்.

கையில் இருந்த காசு? ஒன்றும் இல்லை. அதனால் நண்பர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் கடிதம் எழுதினார். ஆளுக்குக் குறைந்தது 100 ரூபாய் கடன் கொடுங்கள், மாதம் 2 சதவீதம் வட்டி தருகிறேன், பத்திரம் எழுதித் தருகிறேன் என்று கேட்டார்.

பணம் வரவில்லை. அடுத்த ஆண்டே, 39 வயது முடிவதற்குள் பாரதியார் இறந்துபோனார்.

பாரதியார் வறுமையில் வாழ்ந்தார் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனா அந்த வறுமை ஏன் வந்தது, அதற்கு நடுவில் எப்படி எழுதினார், அவர் எழுதிக்கொண்டு இருந்தபோது வீட்டை யார் பார்த்துக்கொண்டார், கைப்பிரதியாகக் கிடந்த எழுத்து எப்படி நம் பாடப்புத்தகம் வரை வந்தது? இந்தக் கேள்விகளுக்கான பதிலில் அவர் மனைவி செல்லம்மாவுக்குப் பாதிப் பங்கு உண்டு.

தொழிலில் நொடித்துப்போன அப்பா

1882 டிசம்பர் 11-ல் எட்டயபுரத்தில் பிறந்தார் சுப்பிரமணியன். 5 வயதில் அம்மா லட்சுமி அம்மாள் இறந்துவிட்டார்.

அப்பா சின்னசாமி ஐயர் எட்டயபுரம் ஜமீனில் செல்வாக்கானவர். கணக்கு, இங்கிலீஷ், இயந்திரங்கள் மீது ஆர்வம் உள்ளவர். மகனும் அதையே படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். மகனுக்கோ பாட்டில்தான் மனசு. 11 வயதிலேயே எட்டயபுரம் புலவர்கள் சபையில் பாரதி என்று பட்டம் வாங்கிய பிள்ளை.

சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பஞ்சாலை தொடங்கினார். ஆங்கிலேயக் கம்பெனிகளின் போட்டி முன்னால் அது நிற்கவில்லை. போட்ட பணம் போயிற்று. 1898-ல் அவரும் காலமானார். பாரதிக்கு அப்போது வயது 15.

இந்த அடி பாரதி மனதில் கடைசிவரை இருந்தது. 1910-ல் கனவு என்ற தலைப்பில் தன் வரலாற்றைச் செய்யுளாக எழுதியபோது, அப்பாவின் சரிவையும் வீட்டுக்குள் வந்த வறுமையையும் அதில் சொல்லியிருக்கிறார்.

7 வயது மணப்பெண்

அப்பா இறப்பதற்கு முந்தைய ஆண்டே, 1897 ஜூனில், பாரதிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளைக்கு 14 வயது. கடையத்தைச் சேர்ந்த மணப்பெண் செல்லம்மாவுக்கு 7 வயது. அந்தக் காலத்து வழக்கம் அது. பிற்காலத்தில் பாரதி இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார்.

அப்பா போன பிறகு காசியில் இருந்த அத்தை குப்பம்மாள் வீட்டுக்குப் போய்ப் படித்தார். சமஸ்கிருதமும் இந்தியும் அங்கே கற்றார். திரும்பி வந்து எட்டயபுரம் ஜமீனில் கொஞ்ச காலம் வேலை. அது ஒத்துவரவில்லை.

1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியர் வேலை. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை சுமார் 3 மாதம். அதே நவம்பரில் ஜி. சுப்பிரமணிய ஐயர் நடத்திய சுதேசமித்திரன் நாளிதழில் உதவி ஆசிரியராகச் சென்னைக்கு வந்தார். இங்கிலீஷ் செய்திகளைத் தமிழாக்குவதுதான் முக்கிய வேலை. இன்றைக்கு டெஸ்க்கில் நடக்கும் அதே வேலை.

அந்த ஆண்டுதான் மூத்த மகள் தங்கம்மாள் பிறந்தார். சம்பளம் வரும் வேலை, மனைவி, குழந்தை என்று வாழ்க்கை ஒரு நிலைக்கு வந்தது போல இருந்தது.

வேலையை விட்டுப் பத்திரிகைக்கு

சுதேசமித்திரனில் எல்லாவற்றையும் எழுத முடியாது. பாரதி தீவிரவாதப் பிரிவு என்று அன்று அழைக்கப்பட்ட திலகர் பக்கம். 1905-ல் சக்ரவர்த்தினி என்ற பெண்கள் மாத இதழுக்கு ஆசிரியரானார். 1906-ல் மண்டயம் குடும்பத்தார் தொடங்கிய இந்தியா வார இதழில் சேர்ந்து, அதன் முக்கியக் குரல் ஆனார். அரசியல் கார்ட்டூன்களைத் தொடர்ந்து வெளியிட்டு அந்த இதழ் பேர் வாங்கியது.

அதே காலத்தில் சகோதரி நிவேதிதாவைச் சந்தித்தார். மனைவியை ஏன் கூட அழைத்து வரவில்லை என்று நிவேதிதா கேட்டது பாரதியை உலுக்கிவிட்டது என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பெண் விடுதலை பற்றி அவர் எழுதியதற்கு அந்தச் சந்திப்பு ஒரு தொடக்கம். நிவேதிதாவைத் தன் குரு என்றே சொன்னார்.

பாட்டும் அச்சுக்கு வர ஆரம்பித்தது. 1907-ல் மிதவாதத் தலைவரான வி. கிருஷ்ணசாமி ஐயர், அரசியலில் எதிர்ப்பக்கம் இருந்தும், பாரதியின் தேசப் பாடல்கள் சிலவற்றை 15,000 பிரதி அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். 1908-ல் பாரதியே ஸ்வதேச கீதங்கள் புத்தகத்தை வெளியிட்டார்.

ஆக, தன் பாட்டு ஆயிரக்கணக்கில் ஜனங்கள் கைக்குப் போவதை 25 வயதிலேயே அவர் பார்த்துவிட்டார். 1920-ல் 10,000 பிரதி என்று கணக்குப் போட்டது வெறும் கற்பனையில் இல்லை. இந்த அனுபவம்தான் அதற்கு அடிப்படை.

1908: எல்லாம் மாறிய ஆண்டு

1908-ல் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் சிறைக்குப் போனார்கள். அடுத்து இந்தியா இதழ் மீது வழக்கு. சட்டப்படி ஆசிரியர் என்று பதிவாகி இருந்த எம். சீனிவாசன் கைதாகி, 5 ஆண்டு தண்டனை பெற்றார்.

அடுத்த கைது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நண்பர்கள் வற்புறுத்தலில் பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். பிரிட்டிஷ் போலீஸ் அங்கே வந்து கைது செய்ய முடியாது.

அப்போது செல்லம்மா நிறைமாதம். இரண்டாவது மகள் சகுந்தலா 1908-ல் பிறந்தார். கணவர் தெரியாத ஊரில், மனைவி கைக்குழந்தையோடு பிறந்த வீட்டில். பிறகுதான் செல்லம்மா புதுச்சேரி போய்ச் சேர்ந்தார்.

கொஞ்ச நாள் என்று நினைத்துப் போன இடத்தில் பாரதி 10 ஆண்டு இருக்க வேண்டி வந்தது.

சட்டம் வந்தது, சம்பளம் நின்றது

புதுச்சேரி போன வேகத்தில் இந்தியா இதழ் அங்கிருந்து மறுபடி வெளிவந்தது. விஜயா என்று நாளிதழ், கர்மயோகி என்று மாத இதழ் என வேலை பெருகியது.

ஆனா பத்திரிகையின் வாசகர்கள் எங்கே இருந்தார்கள்? பிரிட்டிஷ் இந்தியாவில். அரசு அங்கே கை வைத்தது. புதுச்சேரியில் அச்சடிப்பதைத் தடுக்க முடியாவிட்டாலும், எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வருவதைத் தடுக்க முடியும். தடுத்தார்கள். சந்தாதாரர் கைக்குப் போகாத பத்திரிகை எத்தனை நாள் ஓடும்? 1910 மார்ச்சில் இந்தியா நின்றது. அந்த ஆண்டு வந்த அச்சகச் சட்டம் மற்றவற்றையும் முடக்கியது.

அத்தோடு மாத வருமானமும் நின்றது.

பத்திரிகை போனால் புத்தகம் போடலாம் என்று பார்த்தார். 1910-ல் வெளிவந்த கனவு, ஆறில் ஒரு பங்கு இரண்டுக்கும் 1911-ல் பிரிட்டிஷ் அரசு தடை போட்டது. ஆறில் ஒரு பங்கு ஒரு சிறுகதை. சாதிக் கொடுமை பற்றியது. அதில் அரசை மிரட்டும் அளவுக்கு என்ன இருக்கிறது என்று பாரதியே பத்திரிகைக்கு எழுதிக் கேட்டார். பதில் இல்லை.

1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் புதுச்சேரியில் இருந்த தமிழ்நாட்டுத் தேசபக்தர்கள் மீது கண்காணிப்பு பல மடங்கு கூடியது. தெருவில் ஒற்றர்கள். கடிதங்கள் வழியிலேயே மறிக்கப்பட்டன. வெளியூர்க்காரர்கள் தொடர்ந்து தங்க வேண்டும் என்றால் உள்ளூர்ப் பெரியவர்கள் 5 பேர் உத்தரவாதம் தர வேண்டும் என்று பிரெஞ்சு நிர்வாகமும் புது விதி போட்டது. கலவை சங்கரன் செட்டியார் போன்றவர்கள் உதவியதால்தான் பாரதியும் நண்பர்களும் அங்கே நீடிக்க முடிந்தது.

நெருக்கடியில்தான் பெரிய படைப்புகள்

பத்திரிகை எல்லாம் நின்றுபோன இந்தக் காலம்தான் பாரதியின் எழுத்துக்கு உச்சம்.

1912-ல் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் அச்சானது. கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பகவத் கீதைத் தமிழாக்கம் எல்லாம் புதுச்சேரி ஆண்டுகளில் உருவானவை. ஊருக்கு வெளியே முத்தியால்பேட்டையில் கிருஷ்ணசாமிச் செட்டியார் என்ற நண்பரின் தோப்பு அவருக்கு எழுத இடம் கொடுத்தது. வீட்டு உரிமையாளர் விளக்கெண்ணெய்ச் செட்டியார் வாடகைக்கு நெருக்கவில்லை. வ.வே.சு. ஐயர், அரவிந்தர், மண்டயம் சீனிவாசாச்சாரியார் என்று பேச ஆள் இருந்தார்கள். பின்னாளில் பாரதிதாசன் ஆன கனக சுப்புரத்தினம் இளைஞராக வந்து சேர்ந்தார்.

எழுதியது எல்லாம் அச்சானதா என்றால், இல்லை. பாஞ்சாலி சபதம் இரண்டாம் பாகம் பாரதி உயிரோடு இருந்தவரை அச்சேறவில்லை. 1924-ல்தான் வந்தது. சின்னச் சங்கரன் கதை என்ற நாவலின் கைப்பிரதி களவு போனதாக நண்பர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மறுபடி எழுத ஆரம்பித்து, சில அத்தியாயங்களோடு நின்றுவிட்டது. கடைசிக் காலத்தில் எழுதிய சந்திரிகையின் கதையும் பாதியில் நின்றது.

ஒரு எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய வேதனை இருக்க முடியாது. எழுத வருகிறது, எழுதியும் ஆயிற்று, படிக்க வேண்டியவர்கள் கைக்கு மட்டும் போகவில்லை.

அப்போ வீட்டைப் பார்த்தது யார்?

செல்லம்மா. வேறு பதில் கிடையாது.

பக்கத்து வீட்டில் கடன் வாங்கி வைத்திருந்த அரிசியை பாரதி சிட்டுக்குருவிகளுக்கு இறைத்துவிட்டார் என்ற சம்பவம் எல்லோருக்கும் தெரிந்தது. சினிமாவில் வந்திருக்கிறது, பட்டிமன்றங்களில் சொல்கிறார்கள். கேட்பவர்களுக்குக் கவிஞரின் மனசு தெரியும். அடுத்த வேளைக்கு அரிசி தேடிப் போனது யார் என்று யாரும் கேட்பதில்லை.

எல்லாப் பழியையும் அரசாங்கம் மேலேயே போட்டுவிட முடியாது. பாரதிக்குக் காசைப் பிடித்து வைக்கத் தெரியாது. கையில் இருப்பதை எதிரில் வருபவருக்குக் கொடுத்துவிடுவார். இதைச் சொல்வது வெளியாட்கள் இல்லை, அவர் வீட்டாரே. 1951-ல் திருச்சி வானொலியில் செல்லம்மா தன் கணவரைப் பற்றிப் பேசினார். கவிஞருக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணின் பாடு எப்படி இருக்கும் என்பதை அந்தப் பேச்சில் மறைக்காமல் சொன்னார். பெருமையும் ஆற்றாமையும் கலந்த பேச்சு அது.

வறுமை ஒரு பக்கம், ஊர்ப் பேச்சு மறுபக்கம். 1913-ல் ஆதிதிராவிட இளைஞர் கனகலிங்கத்துக்கு பாரதி பூணூல் போட்டுவைத்தார். மனைவி தோளில் கை போட்டபடி தெருவில் நடந்தார். எல்லாச் சாதியாரும் வீட்டுக்கு வந்தார்கள், சாப்பிட்டார்கள். எழுதியபடியே வாழ்ந்து காட்டினார். இன்றைக்கு அது பெருமை. அன்றைக்கு அந்த அக்கிரகாரத்தில் தண்ணீர் எடுக்கப் போகும்போதும், விசேஷத்துக்குப் போகும்போதும் கேலியையும் ஒதுக்கலையும் வாங்கிக்கொண்டது செல்லம்மாதான்.

பெண் விடுதலையை அவ்வளவு தீவிரமாக எழுதியவர் வீட்டில், அந்த எழுத்து நடப்பதற்கான மொத்தச் சுமையும் ஒரு பெண் தலையில் இருந்தது. பாரதியின் வாழ்க்கையில் இந்த முரண் இருக்கத்தான் செய்தது.

கடலூர் சிறை, கடையம் வீடு

1918 நவம்பரில் முதல் உலகப் போர் முடிந்தது. இனி விட்டுவிடுவார்கள் என்று நம்பி, நவம்பர் 20-ல் பாரதி புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். கடலூர் அருகே எல்லையைத் தாண்டியதும் கைது. அன்னி பெசன்ட், சுதேசமித்திரன் ஆசிரியர் ஏ. ரங்கசாமி ஐயங்கார் போன்றவர்கள் தலையிட்ட பிறகு டிசம்பர் 14-ல் விடுதலை.

ஆனா நிபந்தனைகள் இருந்தன. குறிப்பிட்ட மாவட்டங்களில்தான் இருக்க வேண்டும். அரசியல் கூடாது. எழுதுவதைப் போலீஸுக்குக் காட்டிவிட்டுத்தான் வெளியிட வேண்டும்.

போக்கிடம் மாமனார் ஊரான கடையம்தான். செல்லம்மாவின் அண்ணன் அப்பாதுரை ஆதரவில் குடும்பம் இருந்தது. 36 வயது. வருமானம் இல்லை. இரண்டு பெண் குழந்தைகள். ஊர்க்காரர்கள் பலருக்கு இவர் போக்குப் பிடிக்கவில்லை.

1919-ல் தன்னுடைய சொந்த ஊர் ஜமீன்தாருக்கு, அந்தக் காலத்துப் புலவர்கள் மாதிரியே, சீட்டுக்கவி எழுதி உதவி கேட்டார். ஒரு காலத்தில் வேண்டாம் என்று விட்டு வந்த அரண்மனை அது. அங்கிருந்தும் உதவி வரவில்லை.

20,000 ரூபாய்த் திட்டம் ஏன் தோற்றது?

இந்த நிலைமையில் போட்டதுதான் 40 புத்தகக் கணக்கு. தீப்பெட்டி, மண்ணெண்ணெய் மாதிரி தமிழ்ப் புத்தகமும் வீட்டுக்கு வீடு போக வேண்டும் என்பது அவர் ஆசை. வள்ளல் யாராவது கிடைப்பாரா என்று காத்திருந்த தலைமுறைகளுக்குப் பிறகு, கடன் வாங்கி முதல் போட்டு, வாசகரிடம் விற்று, வட்டியோடு திருப்பித் தருவேன் என்று கிளம்பிய தமிழ்க் கவிஞர் அவர்.

திட்டத்தில் தைரியம் இருந்தது. ஆனா கணக்கு இடித்தது.

முதல் சிக்கல் வட்டி. மாதம் 2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். 20,000 ரூபாய்க்கு மாதம் 400 ரூபாய் வட்டி மட்டுமே கட்ட வேண்டும். புத்தகம் விற்றாலும் விற்காவிட்டாலும் கட்ட வேண்டும்.

இரண்டாவது சிக்கல், வாங்குபவர் எண்ணிக்கை. அன்றைய சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 10 பேரில் ஒருவர் அளவுக்குத்தான். அவர்களிலும் காசு கொடுத்துப் புத்தகம் வாங்குபவர் குறைவு.

மூன்றாவது, போலீஸ். தடை செய்யப்பட்ட புத்தகங்கள் எழுதியவர், 10 ஆண்டு புதுச்சேரியில் இருந்தவர், சிறைக்குப் போனவர். இவருக்குக் கடன் பத்திரத்தின் பேரில் பணம் கொடுத்தால் தன் பெயரும் போலீஸ் குறிப்பில் ஏறுமோ என்ற பயம் பலருக்கு இருந்திருந்தால் ஆச்சரியம் இல்லை.

அப்பா பஞ்சாலையில் போட்ட முதல் போனது. மகனுக்கோ முதல் போடவே பணம் சேரவில்லை.

திருவல்லிக்கேணி: கடைசி மாதங்கள்

கட்டுப்பாடுகள் விலகிய பிறகு, 1920 கடைசியில் பாரதி குடும்பத்தோடு சென்னைக்கு வந்தார். 16 ஆண்டுக்கு முன்னால் தொடங்கிய அதே சுதேசமித்திரனில் மறுபடி உதவி ஆசிரியர். திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் வாடகை வீடு. மறுபடி மாதச் சம்பளம்.

1921 ஜூனில் பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளிவிட்டது. குவளைக்கண்ணன் பாய்ந்து தூக்கிக் காப்பாற்றினார். யானை அடித்துத்தான் பாரதி இறந்தார் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. அந்தக் காயத்தில் இருந்து தேறி மறுபடி வேலைக்குப் போனார். ஜூலைக் கடைசியில் ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலையில் போய்ப் பேசினார். மனிதனுக்கு மரணமில்லை என்பதுதான் பேசிய விஷயம்.

செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு வந்தது. ஏற்கெனவே மெலிந்த உடம்பு தாங்கவில்லை. செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி, அதாவது 12-ம் தேதி அதிகாலை 1.30 மணி அளவில், உயிர் பிரிந்தது. தமிழக அரசு செப்டம்பர் 11-ஐ மகாகவி நாளாகக் கடைப்பிடிக்கிறது. இறுதி ஊர்வலத்துக்கு வந்தவர்கள் சுமார் 20 பேர்.

செல்லம்மா அச்சகத்துக்குப் போனார்

செல்லம்மாவுக்கு அப்போது 31 வயது. இளைய மகள் சகுந்தலாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கையில் சொத்து என்று ஒன்று இருந்தது என்றால் அது கணவரின் கைப்பிரதிக் கட்டுகள்தான்.

அந்தக் காலத்தில் கணவனை இழந்த பிராமணப் பெண் வீட்டைவிட்டு வெளியே வருவதே அபூர்வம். செல்லம்மா அண்ணன் அப்பாதுரை துணையோடு பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் பதிப்பகம் தொடங்கினார். 1922-ல், பாரதி இறந்த சில மாதங்களிலேயே, ஸ்வதேச கீதங்கள் இரண்டு பாகங்கள் வெளிவந்தன. பாரதி போட்ட 40 புத்தகக் கணக்கில் முதல் வரவு அது.

ஆனா பாரதியைத் தடுத்த அதே பணம் செல்லம்மாவையும் தடுத்தது. ஆச்ரமத்தால் தொடர முடியவில்லை. அதன்பின் பாரதியின் மாற்றாந்தாய் மகன் சி. விஸ்வநாதன், ஹரிஹர சர்மா, சகுந்தலாவின் கணவர் நடராஜன் ஆகியோர் சேர்ந்து பாரதி பிரசுராலயம் தொடங்கினார்கள். சிதறிக் கிடந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகப் புத்தகமாயின. பாஞ்சாலி சபதம் முழுசாக வந்தது அப்போதுதான்.

இறந்த பிறகும் தடை விடவில்லை. 1928-ல் பர்மாவில் பாரதி பாடல் புத்தகம் தடை செய்யப்பட, சென்னையிலும் போலீஸ் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி இதைக் கண்டித்துப் பேசினார். தடையால் விளம்பரம் கூடியது என்றுதான் சொல்ல வேண்டும்.

4,000 ரூபாய்க்குப் போன உரிமை

1931-ல் செல்லம்மா பாரதி நூல்களின் உரிமையை விஸ்வநாதனுக்கு 4,000 ரூபாய்க்கு விற்றார். மொத்த எழுத்துக்கும் 4,000 ரூபாய். குடும்பக் கடனும் அன்றாடச் செலவும் கழுத்தை நெரித்தபோது எடுத்த முடிவு அது.

அதன்பின்தான் பாரதிக்கு மார்க்கெட் வந்தது. மேடை நாடகம், கிராமபோன் தட்டு, சினிமா என்று எல்லா இடத்திலும் அவர் பாட்டு. இசைத்தட்டு உரிமை தனியாக விலை போனது. கைமாறி, 1940-களில் ஏ.வி. மெய்யப்பனிடம் வந்தது. 1947-ல் வெளிவந்த ஏவிஎம்மின் நாம் இருவர் படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் பட்டிதொட்டி எல்லாம் ஒலித்தன.

அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் பில்ஹணன் படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தார்கள். உரிமை எங்களுடையது என்று ஏவிஎம் தரப்பு ஆட்சேபித்தது. பாரதி பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள். பொதுவுடைமை ஆக்க வேண்டும் என்று இயக்கமே நடந்தது.

1949: ஜனங்கள் சொத்து

1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு பாரதி நூல்களின் உரிமையை வாங்குவதாக அறிவித்தது. மெய்யப்பன் தன்னிடம் இருந்த உரிமையைப் பணம் வாங்காமல் கொடுத்தார். விஸ்வநாதனுக்கு 15,000 ரூபாய். செல்லம்மாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் தலா 5,000 ரூபாய்.

எல்லோருக்குமாக அரசு கொடுத்த தொகையைக் கூட்டினால் 30,000 ரூபாய். 1920-ல் கடையத்தில் பாரதி அச்சுக்கும் விளம்பரத்துக்கும் சேர்த்து வேண்டும் என்று எழுதிய தொகையும் அதே 30,000 தான். நடுவில் 29 ஆண்டு போய்விட்டது.

எழுத்தாளர் ஒருவரின் நூல்களை அரசு விலை கொடுத்து வாங்கிப் பொதுமக்களுக்குக் கொடுத்தது அன்றைக்குப் புது விஷயம். இப்ப தமிழக அரசு எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கி, வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்துக்கு முதல் பெயர் பாரதி.

1950-களில் பாரதியின் எழுத்து யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்ற நிலைக்கு வந்தது. மலிவுப் பதிப்புகள் கடை கடையாகத் தொங்கின. 4 லட்சம் என்ற எண்ணை பாரதி புத்தகங்கள் எப்போதோ தாண்டிவிட்டன.

செல்லம்மா 1955-ல் காலமானார். கடையம் அக்கிரகாரத்தில் முணுமுணுக்கப்பட்ட அந்தப் பெயரை, பாட்டுப் புத்தகம் கையில் வைத்துக்கொண்டு ஊர் பூரா பாடுவதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.